மாந்தோப்பா, கல்யாண மண்டபமா: அரசின்மைக் கோடை முகாமுக்கு இடம் பார்ப்பது

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் அறுபது பேர் ஏழு நாள் சேர்ந்து தங்கி, அரசின்மை (யாரும் யாரையும் அதிகாரம் செய்யாத வாழ்க்கை வேண்டும் என்கிற அனார்க்கிசம்) வழியில் தாங்களே நடத்திக்கொள்ளும் ஒரு கோடை முகாம் என்று முடிவானதும் முதலில் கிளம்பும் கேள்வி இடம்தான். சுற்றிச் சுற்றிப் பேச்சு இரண்டில் வந்து நிற்கும்: நெடுஞ்சாலையோரக் கல்யாண மண்டபம், இல்லையென்றால் ஊரைவிட்டு உள்ளே தள்ளி ஒரு மாந்தோப்பு. நாங்கள் தோப்பைத் தேர்ந்தவர்கள். இன்றைக்குக் கேட்டாலும் தோப்பு என்றுதான் சொல்வோம். நிழலும் வாடகை மிச்சமும் இருக்கட்டும்; எங்களுக்கு முடிவைத் தீர்த்தது கழிப்பறையை யார் சுத்தம் செய்வது என்ற ஒரே கேள்வி.

மற்ற யோசனைகளைச் சீக்கிரம் தள்ளிவிடலாம். தளி, அஞ்செட்டிப் பக்கம் குளிர்ச்சி உண்டு, யானையும் உண்டு. பலா பழுக்கும் மாதத்தில் குழந்தைகளோடு வெட்டவெளியில் படுக்க அது இடமில்லை. தென்பெண்ணை ஆற்றங்கரை பார்க்க அழகு. ஆனால் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் தண்ணீரைப் பார்த்தவர்கள் அந்த ஆற்றில் யாரையும் குளிக்கச் சொல்ல மாட்டார்கள்.

மண்டபத்தின் நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். கூரை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, பெண்களுக்குத் தாழ்ப்பாள் போட்ட அறை இருக்கிறது. மே மாதக் கோடை மழை இடியும் காற்றுமாக இறங்கும்போது மண்டபத்தில் இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. சக்கர நாற்காலியில் வருபவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் உங்கள் முகாமில் அதிகம் என்றால் மண்டபமே சரி. பேருந்தும் வாசலில் நிற்கும். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது. சென்னையிலிருந்து வருபவர்கள் சாமல்பட்டியிலோ மொரப்பூரிலோ, பெங்களூரிலிருந்து வருபவர்கள் பாலக்கோட்டிலோ தருமபுரியிலோ இறங்க வேண்டும். அங்கிருந்து தோப்புக்கு ஒரு வண்டி ஏற்பாடு செய்வது தனி வேலை.

சித்திரை, வைகாசியில் முகூர்த்தம் இல்லாமல் தொடர்ந்து ஏழு நாள் மண்டபம் கிடைப்பது கஷ்டம். ஆடியில் கிடைக்கும், ஆனால் அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

இனி கழிப்பறை. மண்டபத்துக்காரரிடம் “சுத்தம் நாங்களே செய்துகொள்கிறோம்” என்று சொன்னால் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: “அதுக்கு ஆள் இருக்குதுங்க, நீங்க எதுக்குங்க அதுல கை வெக்கறீங்க?” அவர் மரியாதையாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த ‘ஆள்’ எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். வாடகைக் கணக்கில் ‘கிளீனிங்’ என்று ஒரு வரி இருக்கும். மேடையில் அதிகாரம் இல்லாத வாழ்க்கையைப் பற்றி ஒரு அமர்வு நடக்கும். அதே நேரம் பின்பக்கம் ஒரு அம்மா பினாயிலும் துடைப்பமுமாக நம் கழிவைக் கழுவிக்கொண்டிருப்பார். 2012-இல் தருமபுரி மாவட்டத்தில் தலித் மக்கள் குடியிருந்த நத்தம் காலனி எரிக்கப்பட்ட வட்டாரம் இது. இங்கே சேர்ந்து வாழ்வோம் என்று கூப்பிட்டுவிட்டு இதை மட்டும் பழைய வழக்கத்துக்கே விட்டுவிட முடியாது. சமபந்தி நம் மண்ணுக்குப் பழகியது. ஒரே பந்தியில் உட்கார இன்றைக்கு யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. ஒரே துடைப்பத்தைக் கை மாற்றிப் பிடிக்கத்தான் யோசிக்கிறோம்.

அடம்பிடித்து மண்டபத்திலும் முறை போட்டுக் கழுவலாமே என்றால், ஓரளவுக்கு முடியும். தண்ணீர்தான் காலை வாரும். ஒரு தடவைக்கு ஆறு லிட்டர், ஆளுக்கு நாளைக்கு நாலு தடவை என்றாலே அறுபது பேருக்குக் கிட்டத்தட்ட 1,500 லிட்டர் கழிப்பறைக்கு மட்டும் போகும். மே மாதம் போர்வெல் இழுக்காது, லாரித் தண்ணீர் வாங்க வேண்டும். செப்டிக் டேங்க் ஒன்றிரண்டு நாள் கல்யாணக் கூட்டத்துக்குத் தாங்கும். ஏழு நாள் தொடர் உபயோகத்தில் நாலாம் நாள் நிரம்பி வழிய ஆரம்பித்தால் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுவதைத் தவிர வழியில்லை. அப்போது மறுபடியும் அதே ‘ஆள்’ வந்து நிற்பார்.

தோப்பில் குழிக் கழிப்பறை. இதை விவரமாகச் சொல்கிறோம், ஏனென்றால் இங்கே சறுக்கினால் மூன்றாம் நாளே பாதிப் பேர் வயிற்றுப்போக்கோடு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

பேரிடர் முகாம்களுக்கான ஸ்பியர் அளவுகோல் இருபது பேருக்கு ஒரு கழிப்பறை என்கிறது. அறுபது பேருக்கு மூன்று போதும் என்றாலும் காலை நெரிசலுக்கு நாலு வையுங்கள். ஒவ்வொன்றும் நாலு அடி நீளம், ஒரு அடி அகலம், இரண்டரை அடி ஆழம். கிணற்றிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் குறைந்தது நூறு அடி தள்ளி, சரிவில் அவற்றுக்குக் கீழ்ப்பக்கமாக இருக்க வேண்டும். தோப்பைப் பேசி முடிக்கும் முன்பே ஒரு கடப்பாரையை எடுத்துப் போய் இறக்கிப் பாருங்கள். இந்தப் பக்கம் செம்மண்ணுக்குக் கீழே ஒன்றரை அடியிலேயே பாறை முட்டும் இடங்கள் நிறைய. முட்டினால் இடத்தை மாற்றுங்கள், ஆழத்தைக் குறைத்துச் சமாளிக்காதீர்கள்.

வெளிநாட்டு முகாம்களின் வடிவத்தை அப்படியே எடுத்தால் நமக்கு உதவாது. 2006-இல் இங்கிலாந்தில் டிராக்ஸ் அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் நடந்த காலநிலை முகாமில் உலர் கழிப்பறைகள்தான். ஆனால் அவை காகிதத்தால் துடைப்பவர்களுக்கானவை. நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள். அந்தத் தண்ணீர் குழிக்குள் விழுந்தால் சேறாகி, நாற்றமெடுத்து, ஈ மொய்க்கும். திருச்சி மாவட்டம் முசிறியில் நடைமுறைக்கு வந்த ஈகோசான் கழிப்பறைகளில் மலம், சிறுநீர், கழுவும் நீர் மூன்றுக்கும் தனித்தனி வழி வைத்திருப்பது இதற்காகத்தான். தோப்பில் அவ்வளவு கட்ட முடியாது. குழிக்கு ஓர் எட்டு தள்ளி இரண்டு தட்டைக் கல் போட்டு, அடியில் ஒரு கூடை ஜல்லி கொட்டி, அங்கிருந்து வாழை அடிக்கோ கல்வாழைப் பாத்திக்கோ ஒரு சின்ன வாய்க்கால் இழுத்துவிடுங்கள். கழுவுவது அந்தக் கல்லில். எல்லோருக்கும் சேர்த்து நாளைக்கு 150 முதல் 200 லிட்டரில் முடிந்துவிடும். முதல் நாள் மாலை இதைச் செய்து காட்டியே சொல்ல வேண்டும். எழுதி ஒட்டினால் யாரும் படிப்பதில்லை.

அடுத்தது மூடும் பொருள். விறகடுப்புச் சாம்பல் போதும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மூன்று வேளை அறுபது பேருக்குச் சமைத்தாலும் சாம்பல் ஒன்றிரண்டு கிலோதான் தேறும். தேவையோ நாளைக்கு ஒரு மூட்டை. ரைஸ் மில்லில் உமியும் உமிச்சாம்பலும், மர அறுவை மில்லில் மரத்தூளும் முன்கூட்டியே சொல்லிவைத்து எட்டு மூட்டை இறக்கிவிடுங்கள். தோண்டிய மண்ணைச் சலித்துப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். ஒவ்வொரு முறையும் இரண்டு கை நிறைய போட்டால் ஈ வராது. பச்சை மாவிலையைப் போடாதீர்கள், ஈரம் கூடும்.

நாலில் ஒன்றில், நடுவில் துளை அறுத்த பிளாஸ்டிக் நாற்காலியைக் குழிமேல் போட்டுவிட்டால் குந்த முடியாதவர்களுக்கு ஆகும். குழந்தைகளுக்கு அரை அடி அகலத்தில் தனியாக ஒரு சிறு குழி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பு. மாதவிடாய்ப் பஞ்சுகளுக்கு மூடி போட்ட வாளி தனி. அது குழிக்குள் போகக் கூடாது. மழைக்குச் சுற்றிலும் அரை அடி வரப்பு, மேலே தார்ப்பாய். வரப்பு இல்லையென்றால் ஒரே இடிமழையில் நாலு குழியும் நிரம்பி வழியும், அதற்குப் பிறகு எதுவும் செய்ய முடியாது.

முறைக் கணக்கு இப்படி. ஒரு முறைக்கு நாலு பேர், காலை ஒன்று மாலை ஒன்று, ஏழு நாளில் 56 பேர். சின்னப் பிள்ளைகளையும் முடியாதவர்களையும் கழித்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே ஒரு தடவை வரும். யாருக்கும் இரண்டாவது முறை இல்லை, யாரும் தப்புவதும் இல்லை. குலுக்கல் முதல் நாள் மாலைக் கூட்டத்திலேயே நடக்கட்டும். வேலை இருபது நிமிடம்: குச்சியால் மேட்டைச் சமன்படுத்துவது, மண் தூவுவது, உமி வாளியை நிரப்புவது, சொம்பைத் தேய்த்துக் கழுவுவது, கை கழுவத் தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா பார்ப்பது, குழி மேலிருந்து ஒரு அடிக்கு வந்துவிட்டால் மூடச் சொல்லிக் கூட்டத்தில் அறிவிப்பது.

முறையை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றாம் நாள் பட்டியலைக் கட்டாயம் எடுத்துப் பாருங்கள். மாற்றல்கள் ஒரே பக்கமாக, பெண்களிடமும் வழக்கமாக இந்த வேலை யார் தலையில் விழுமோ அவர்களிடமும் போய்ச் சேர்ந்திருக்கும். அதைக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பேசித்தான் ஆக வேண்டும். அபராதமும் தண்டனையும் இல்லாத முகாமில் பேச்சு ஒன்றுதான் கையில் இருக்கும் கருவி. அந்தப் பேச்சு ஒரு மணி நேரம் ஓடினாலும் அடுத்த அமர்வைத் தள்ளிவைத்துவிட்டு நடத்துங்கள்.

தோப்பின் மற்ற சிக்கல்களும் லேசானவை அல்ல. சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்புகளில் காய்ப்பை முன்கூட்டியே வியாபாரிக்குக் குத்தகை விட்டிருப்பார்கள். சொந்தக்காரர் “வாங்க” என்றாலும் மே மாதம் மரம் குத்தகைக்காரர் கையில். இருவரிடமும் பேச வேண்டும், கடைசியாக மருந்து அடித்த தேதியையும் கேட்க வேண்டும். மா ரகங்கள் பலவும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்ப்பவை. காய்ப்பு ஓய்ந்த வருடத்துத் தோப்பைத் தேடினால் குத்தகைப் பிரச்சினையும் இல்லை, தலையில் காய் விழும் பயமும் இல்லை. தென்னந்தோப்பில் மட்டும் கூடாரம் அடிக்காதீர்கள்.

குடிதண்ணீரில் விளையாட்டு வேண்டாம். இந்த இரண்டு மாவட்டத்துப் போர்வெல் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறிவாகும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் வைத்து, நாளைக்கு 20 லிட்டர் கேன் பதினைந்து, அல்லது ஊராட்சிக் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர். போர்வெல் தண்ணீர் குளிக்க, துவைக்க மட்டும். விவசாய மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வரும் என்று நம்ப முடியாது என்பதால் ஆயிரம் லிட்டர் தொட்டி குறைந்தது இரண்டு வேண்டும்.

சமையல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், மண்டபத்தில் மாஸ்டரை வைக்காமல் இருந்தால். ராகிக் களிக்கு அறுபது பேருக்கு எட்டுக் கிலோ மாவு. ஒரே அண்டாவில் கிண்ட எவராலும் முடியாது, நாலு நாலு கிலோவாக இரண்டு பாத்திரத்தில் போடுங்கள்.

அக்கம்பக்கத்துக்கு என்னவென்று சொல்வது என்பதும் தோப்புக்குத்தான் பெரிய கேள்வி. அரசின்மைக்கு அராஜகம் என்றும் சொல் உண்டு, ஆனால் நம் பேச்சில் அராஜகம் என்றால் அட்டூழியம். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, “தலைவர் இல்லை, கூலிக்கு ஆள் இல்லை, எல்லா வேலையும் எல்லோரும் செய்து ஏழு நாள் இருக்கப் போகிறோம்” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். நக்சல்பாரி இயக்கமும் போலீஸ் வேட்டையும் நினைவில் இருக்கும் வட்டாரம் இது. முகம் தெரியாத இளைஞர்கள் தோப்பில் கூடினால் விசாரணை வரத்தான் செய்யும். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வதா என்பது எந்த அரசின்மைக் கூட்டத்திலும் சண்டையாகும். பின்விளைவு தோப்புக்காரர் தலையில் விழும் என்பதால் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்பது எங்கள் பக்கம்.

இந்தக் கணக்கெல்லாம் ஐம்பது, அறுபது பேருக்குச் சரி. நூறைத் தாண்டினால் இதே குழி முறை தாங்கும் என்று நாங்கள் உறுதி தர மாட்டோம். இரண்டு தோப்பாகப் பிரித்து, தனித்தனிச் சமையல், தனித்தனி முறைப் பட்டியல் என்று போவது நல்லது என்று தோன்றுகிறது. மழைக்காலத்துக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

முடித்துக் கிளம்பும் அன்று குழிகளை மேடாக மூடி, நாலு மூலையிலும் கல் நட்டு, தோப்புக்காரரைக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டுங்கள். ஒரு வருடத்துக்கு அந்த இடத்தைக் கிளறக் கூடாது, கீரையோ கிழங்கோ போடக் கூடாது என்று அவரிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்.