குழுக் கடன்: பணம் விரைவாக வருகிறது, தவணை அதைவிட விரைவாக

தையல் தொழிலுக்காக ஒரு நுண்கடன் நிறுவனத்தில் குழுக் கடன் வாங்கினேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன்.

அடமானம் கேட்கவில்லை, கடன் அலுவலர் மரியாதையாகப் பேசினார். அந்தப் பணத்தில் ஓவர்லாக் இயந்திரம் வாங்கியபின், ஓரம் அடிக்க வெளியே கொடுத்துவந்த வேலை முழுவதும் என் கைக்கே வந்துவிட்டது. அந்தக் கூலி இப்போது எனக்கு மிச்சம்.

தவணைதான் தொல்லை. பணம் வந்த கொஞ்ச நாளிலேயே வாரவசூல் தொடங்கிவிடுகிறது. இயந்திரம் கைக்குப் பழகி, தைத்த துணிக்குக் கூலி வருவதற்குள் எதை எடுத்துக் கட்டுவது? கடனில் ஒரு பங்கைத் தவணைக்கென்றே ஒதுக்கி வைத்தேன். வட்டிக்கு வாங்கிய பணம் டப்பாவில் தூங்கியது! மொத்தமாகத் துணி வாங்கும் எண்ணத்தையும் கைவிட்டேன்.

இது என் புலம்பல் மட்டுமல்ல. கொல்கத்தாவில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் தவணைக்கு இரண்டு வாரத்துக்குப் பதில் இரண்டு மாத அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள். தொழிலில் போட்ட முதலும் பின்னாளில் லாபமும் கூடின. கடனைக் கட்டத் தவறியவர்களும் கூடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நிறுவனங்கள் தயங்குவது அதனால்தான் போலும்.

கையில் ஆர்டர் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். புதிதாகத் தொடங்குபவர்கள், முதல் தவணை எப்போது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குழுக் கூட்டத்தை வேலை நேரத்தில் வைப்பதற்காக அரை நட்சத்திரம் குறைத்திருக்கலாம், விட்டுவிட்டேன்.