அரை ஏக்கர் விளைக்கு ரப்பரா, அயினியும் பலாவும் கலந்த தோட்டமா?

குமரி மாவட்டத்தின் குலசேகரம், திருவட்டாறு, அருமனை வட்டாரங்களில் பால் வற்றிய ரப்பரை முறித்து விற்றவர்கள் எல்லோரும் அடுத்து யோசிப்பது, மீண்டும் ரப்பர் வைப்பதா, பலாவும் அதன் இனத்து அயினியும் போன்ற நாட்டு மரங்களைக் கலந்து வைப்பதா என்பதைத்தான். எங்கள் அரை ஏக்கர் சரிவு விளையில் (தோட்ட நிலத்தில்) நான் இரண்டாவதையே தேர்ந்தேன். ஆகவே இந்த ஒப்பீட்டை நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

ரப்பரின் நிறைகள் ஊரறிந்தவை. ஏழாம் ஆண்டளவில் பட்டையைக் கீறிப் பால் வெட்டத் தொடங்கினால் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் கிடைக்கும்; பாலை உறையவைத்து உலர்த்திய ஷீட்டை அன்றைய விலைக்கு உடனே விற்றுவிடலாம். விலையின் ஏற்ற இறக்கத்தை எல்லோரும் பேசுகிறார்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

என் முடிவைத் தீர்மானித்தது பால்வெட்டு. ஏக்கருக்கு 180 முதல் 200 மரங்கள் வைப்பது வழக்கம். அரை ஏக்கரில் அது நூறைத் தாண்டாது. தேர்ந்த வெட்டுக்காரர் ஒருவர் ஒரு காலைப்பொழுதில் ஏறத்தாழ 300 மரங்களில் பால் வெட்டிவிடுவார். பால் நன்றாக ஓடுவது வெயில் ஏறும் முன்னரே என்பதால், நூறு மரங்களுக்காக மட்டும் ஒருவரை அந்நேரத்தில் வரவழைப்பது கடினம். பழக்கமில்லாதவர் கத்தி வைத்தால் பட்டைக்கு அடியில் புதுப்பட்டையை உருவாக்கும் வளர்படலம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னாளில் அந்தப் பக்கத்தை வெட்டவே இயலாமல் போகும். இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் என்பதால், மழைக்காலத்திலும் வெட்ட வேண்டுமெனில் இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் ஆண்டுதோறும் மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் மழைக்காப்பு கட்ட வேண்டும். வீட்டிலேயே வெட்டத் தெரிந்தவர் இருந்தாலோ, இரண்டு மூன்று ஏக்கர் ஒரே கட்டாக இருந்தாலோ, ரப்பரைக் கைவிடச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

கலப்புத் தோட்டத்தில் வேலை குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. முதல் மூன்று ஆண்டுகள் களை எடுப்பதும், தழையால் மண்ணை மூடும் மூடாக்கு இடுவதும், பட்டுப்போன கன்றுகளுக்கு மாற்று வைப்பதும் ஓயாத வேலை. ஆனால் அது நாள்தோறும் விடியலில் வந்து நிற்கும் வேலையன்று, பருவத்துக்கு வரும் வேலை. மாசியில் சேனையும் காச்சில் கிழங்கும் நடலாம். ஜூன் கடைசியில் வரும் திருவாதிரை ஞாற்றுவேலையில் (சூரியன் திருவாதிரை நட்சத்திரத்தில் நிற்கும் இரு வாரங்களில்), மழை விட்டுவிட்டுத் தொடர்ந்து பெய்து தண்டு வாடாத காலத்தில், நல்லமிளகுக் கொடியை அயினியின் அடியில் ஊன்றலாம். அயினியின் பட்டையைக் கொடியின் வேர்கள் பற்றிக்கொள்ளும். மழைக்கு முன் கழிக்கும் கிளைகளின் தழை அங்கேயே மூடாக்காகிவிடும். வெயில் படும் ஓரங்களில் மட்டி வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி), நிழலில் மஞ்சளும் கூவைக் கிழங்கும் வளரும். 1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் பெர்மாகல்ச்சர் (நிலைத்த வேளாண்மை) என்று வகுத்துத் தந்ததில், மேலே மரம், அதில் கொடி, கீழே கிழங்கு என்னும் இந்த அடுக்குமுறையும், சரிவின் குறுக்கே நீரைத் தடுத்து நிறுத்துவதும் உண்டு. நம் பாட்டிமார் புரையிடத்தில் (வீட்டைச் சுற்றிய தோட்டத்தில்) அடுக்கும் இருந்தது, மண்ணைப் பிடிக்கக் கையாலை என்னும் வரப்புச் சுவரும் இருந்தது.

குறைகளும் உண்டு. சக்கை (பலாப்பழம்) ஒரே நேரத்தில் பழுத்து விலை விழுகிறது. ஐந்தாறு பொருள்களைச் சிறுசிறு அளவில் விற்பதற்கு அலைச்சல் மிகுதி. சரிவில் நீர் தேங்கினால் மிளகுக்கொடி வாடல் நோயில் சாகும். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் ரப்பர் பெருமளவில் சாய்ந்ததைச் சொல்லி நாட்டு மரமே உறுதி என்று வாதிப்பவர்கள் உண்டு. முதிர்ந்த பலாக்களும் அன்று விழுந்தன என்பதால் நான் அந்த வாதத்தை எடுப்பதில்லை.

அயினித் தடிக்கு (மரக்கட்டைக்கு) நல்ல விலை உண்டு என்கிறார்கள். என் மரங்கள் இன்னும் இளையவை, எனவே வருமானக் கணக்கில் அதை நான் சேர்க்கவில்லை. தடியை நம்பியே நடுபவர்கள், தம் நிலம் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் கன்று வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். வந்தால், சொந்த விளையில் வளர்ந்த மரத்தை முறிக்கவும் அனுமதி தேவைப்படும்.