ரெண்டு கோடு, 14-ஆம் நம்பர்: திருப்பூரில் தைத்த க்ரைஃப் ஜெர்சி செட்

திருப்பூர் காதர்பேட்டைச் சந்துகளில் கால்பந்து ஜெர்சிக்குப் பஞ்சமே இல்லை. மெஸ்ஸியும் ரொனால்டோவும் கட்டுக்கட்டாகத் தொங்குகிறார்கள். பெரும்பாலும் மெல்லிசான பாலியஸ்டர், நாலு துவையலில் நம்பர் உரிந்துவிடும். இவற்றுக்கு நடுவில் ஒரு சின்ன பனியன் கம்பெனி, நெதர்லாந்தின் பழைய கால்பந்து நட்சத்திரம் யோஹான் க்ரைஃபுக்கென்றே மூன்று ஜெர்சி கொண்ட ஒரு செட் போட்டிருக்கிறது. 1970களின் தொடக்கத்து ஆம்ஸ்டர்டாம் கிளப் அயாக்ஸ், 1974 நெதர்லாந்து, 1992 ஸ்பானிய கிளப் பார்சிலோனா. தனியாக வாங்கினால் ஒன்று 550 ரூபாய், செட்டாக 1,500.

முதல் இரண்டும் ஆட்டக்காரராக அவர் உடம்பில் போட்டவை. மூன்றாவதை அவர் போட்டதே இல்லை. அது, பயிற்சியாளராகக் கோட்டுக்கு வெளியே நின்று அவர் ஜெயிக்க வைத்தவர்கள் போட்டது. இந்த வித்தியாசம் புரிந்து தைத்த இடத்தில் ஜெர்சி நன்றாக வந்திருக்கிறது, புரியாத இடத்தில் சறுக்கியிருக்கிறது. 1974-ஐ யோசிக்காமல் வாங்கலாம். அயாக்ஸை வாங்கினால் துவைப்பதில் கவனம் வேண்டும். 1992-ஐ இப்போது இருக்கிறபடி வாங்க வேண்டாம்.

1974 ஆரஞ்சை எடுத்ததும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஒரு கோடு உட்டுப்போச்சுங்களா?" கையில் தோளிலிருந்து கீழே இறங்கும் கறுப்புக் கோடு இரண்டுதான் இருக்கிறது. அடிடாஸ் என்றால் மூன்று கோடு என்று பழகிய கண்ணுக்கு இது டேமேஜ் பீஸ் போலத்தான் தெரியும். செக்கிங் டேபிளில் விவரம் தெரியாதவர் உட்கார்ந்திருந்தால் ஒதுக்கியே வைத்திருப்பார். ஆனால் இரண்டுதான் சரி. 1974 உலகக் கோப்பையில் நெதர்லாந்து அணிக்கு உடை கொடுத்தது அடிடாஸ். க்ரைஃபுக்கோ பூமாவுடன் ஒப்பந்தம். போட்டிக் கம்பெனியின் அடையாளத்தைப் போட்டுக்கொண்டு ஆட மாட்டேன் என்று நின்றார். கடைசியில் அவருக்கு மட்டும் ஒரு கோட்டை எடுத்துவிட்டார்கள். அதே அணியில் 13-ஆம் நம்பர் போட்ட யோஹான் நீஸ்கென்ஸ் சட்டையில் மூன்று கோடு இருக்கும். ஆகவே, மூன்று கோடும் 14-உம் சேர்த்து விற்கிற ஜெர்சி எங்கே கிடைத்தாலும் அதை க்ரைஃப் ஜெர்சி என்று நம்பி வாங்காதீர்கள்.

கோடுகளைச் செய்திருக்கும் விதம் இந்த ஜெர்சியில் ஆகச் சிறந்த வேலை. பிரிண்ட் அடிக்கவில்லை. ஒரு சென்டிமீட்டர் அகல பாலியஸ்டர் டேப்பை, ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, இரண்டு ஓரத்திலும் சிங்கர் தையல் (ஒற்றை ஊசி நேர்த்தையல்) போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். தோள்பட்டையில் கழுத்து ரிப்புக்குள் போய் முடிகிறது, கீழே கை மடிப்புக்குள் போய் முடிகிறது. முனை எங்கும் வெளியே தெரியவில்லை. பிரிண்டாக இருந்தால் தோள் மடிகிற இடத்தில்தான் முதலில் வெடிப்பு விழும். டேப்பில் அந்தக் கவலை இல்லை. ஆனால் டேப் துணியைப் போல இழுபடாது. தைக்கும்போது துணியை இழுத்துப் பிடித்தால் பிறகு கோடு நெளிந்து நிற்கும். நாங்கள் பிரித்துப் பார்த்த ஆறு பீஸில் ஒன்றின் இடது கையில் அப்படி நெளிவு இருந்தது. வாங்கும்போது கையைத் தட்டையாக மேஜையில் விரித்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

முதுகில் 14 மட்டும்தான், பெயர் இல்லை. இதுவும் சரி. அந்தக் காலத்தில் உலகக் கோப்பைச் சட்டையில் பெயர் அச்சிடும் வழக்கமே கிடையாது. எழுத்து வரிசைப்படி நம்பர் கொடுத்த அணி அது. முறைப்படி போயிருந்தால் க்ரைஃபுக்குத்தான் 1 வந்திருக்கும். அவர் 14-ஐ வைத்துக்கொள்ள, முன்கள வீரர் ரூட் ஹீல்ஸுக்கு 1 போனது. கோல்கீப்பர் யான் யோங்ப்ளூட் 8 போட்டு ஆடினார். 14 க்ரைஃபிடம் வந்தது அயாக்ஸில், 1970 அக்டோபர் 30-ஆம் தேதி பிஎஸ்வி அணிக்கு எதிரான ஆட்டத்தில். அதுவரை அவர் 9. காயம் ஆறித் திரும்பிய அன்று 9-ஐ ஹெரி ம்யூரனுக்குக் கொடுத்துவிட்டு 14-ஐ எடுத்தார். பிற்பாடு 2007-இல் அந்த நம்பரை இனி யாருக்கும் தருவதில்லை என்று அயாக்ஸ் நிறுத்தியது.

நெஞ்சில் நெதர்லாந்து அணியின் சிங்கச் சின்னம் இல்லை, கம்பெனி சின்னமும் இல்லை. உரிமம் வாங்காமல் சின்னம் ஒட்டாததற்காகவே இந்தக் கம்பெனியைப் பாராட்ட வேண்டும். வெறும் நெஞ்சு கண்ணுக்கு உறுத்தவும் இல்லை.

துணி 220 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 220 கிராம்) காட்டன் இன்டர்லாக். இந்த விலையில் பொதுவாக சிங்கிள் ஜெர்சி துணியைத்தான் போடுவார்கள். சிங்கிள் ஜெர்சியில் நூலின் முறுக்கு துவைத்த பிறகு வேலை காட்டும். பக்கவாட்டுத் தையல் மெல்ல முன்பக்கம் திரும்பி வந்துவிடும். இன்டர்லாக்கில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கண்ணி என்பதால் முறுக்கு ஒன்றையொன்று சமன் செய்துவிடும், வெட்டிய ஓரமும் சுருளாது. மூன்று துவையலுக்குப் பிறகும் தையல் நேராகவே இருந்தது. எல் சைஸில் நீளம் 28 அங்குலத்திலிருந்து 27¼-க்கு வந்தது, மார்புச் சுற்று 42-இலிருந்து 41½. காம்பேக்டிங், அதாவது தைப்பதற்கு முன்பே துணியைச் சுருக்கி எடுக்கும் வேலை, ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இருந்தாலும் இரண்டு சைஸுக்கு நடுவில் இருப்பவர்கள் பெரியதை எடுங்கள். பக்கத் தையல் ஓரத்தைச் சுற்றிப் பிடிக்கும் நாலு நூல் ஓவர்லாக், அடிமடிப்பு தட்டையாகப் படியும் பேட்லாக். உள்ளே பிசிறு சுத்தமாக வெட்டியிருக்கிறது. கழுத்து ரிப்பில் லைக்ரா கலந்திருப்பதால் தலையில் மாட்டிக் கழற்றினாலும் தொளதொளக்கவில்லை.

இதைப் போட்டுக்கொண்டு ஆடலாமா என்றால், வேண்டாம். சித்திரை வெயிலில் பத்து நிமிடத்தில் வியர்வையைக் குடித்து ஈரச்சாக்கு மாதிரி கனத்துவிடும். செம்மண் மைதானத்தில் விழுந்து எழுந்தால் ஆரஞ்சில்கூடக் கறை தெரியும். காலரியில் உட்கார்ந்து பார்க்க, சாயங்காலம் வெளியே போக, அதற்குத்தான் இது.

அயாக்ஸுக்கு வருவோம். வெள்ளைச் சட்டை, நடுவில் அகலமான சிவப்புப் பட்டை. 1964 நவம்பர் 15-ஆம் தேதி, 17 வயதில் இந்த நிறத்தில்தான் முதல் ஆட்டம் ஆடினார். அணி 3-1 என்று தோற்றது, அந்த ஒரு கோல் அவருடையது. 1971, 1972, 1973 என்று வரிசையாக மூன்று ஐரோப்பியக் கோப்பை. 1972 இறுதியில் இன்டர் மிலானுக்கு எதிராக விழுந்த இரண்டு கோலும் அவர் அடித்தது. அப்படிப்பட்ட சட்டைக்கு, சிவப்பை பிரிண்டாக அடிக்காமல் தனித் துண்டாக வெட்டி இணைத்திருப்பது மரியாதையான வேலை. தோளில் முன்பட்டையும் பின்பட்டையும் ஒன்றோடொன்று சேருகிறதா என்று பாருங்கள். ஒரு பீஸில் அரை சென்டிமீட்டர் விலகியிருந்தது.

பிரச்சினை சாயத்தில். முதல் துவையலிலேயே சிவப்பு இறங்கி, தையலை ஒட்டிய வெள்ளை லேசான ரோஸ் ஆனது. ரியாக்டிவ் சாயத்தில் நூலோடு சேராமல் மிஞ்சும் சாயம் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அதைக் கொதிக்கக் கொதிக்க சோப்புத் தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். அடர் சிவப்புக்கு ஓர் அலசல் கூடுதலாகவே தேவைப்படும். சாயப்பட்டறையில் தண்ணீரும் நீராவியும் காசு; 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் செலவும் சேர்ந்துகொண்டது. அந்தக் கட்டுப்பாடு நொய்யல் ஆற்றுக்குக் கட்டாயம் வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அந்தச் செலவை அலசலைக் குறைத்து ஈடுகட்டினால் வெள்ளைச் சட்டையில் தெரிந்துவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, சிவப்புப் பட்டையில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டை சிவந்தால் அந்த லாட் (ஒரே தடவை சாயம் போட்ட தொகுதி) வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பக்கெட்டில் ஊறவைக்கவே கூடாது. பச்சைத் தண்ணீரில், தனியாக, ஐந்து நிமிடத்தில் துவைத்து, அலசுகிற தண்ணீர் தெளியும்வரை அலசி, மடிக்காமல் விரித்து நிழலில் காய வையுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைப்பதுதான் கறையை ஏற்றும். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீடுகளில் சொல்வதுண்டு. உப்பு அந்த நேரத்துக்குச் சாயத்தைத் துணியில் ஒட்டவைக்கும், அவ்வளவுதான். அடுத்த துவையலில் மறுபடி இறங்கும். போர் தண்ணி உப்பாக இருக்கிற வீடுகளில் மூன்று ஜெர்சியும் சீக்கிரம் மங்கி விறைத்துப்போகும். கடைசி அலசலுக்காவது அத்திக்கடவோ சிறுவாணியோ, உப்பில்லாத குழாய்த் தண்ணீர் ஒரு பக்கெட் ஒதுக்குங்கள். 1974-இல் கறுப்பு டேப் பாலியஸ்டர் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. பச்சைத் தண்ணீரில் அது சாயம் விடவில்லை.

செட்டோடு ஒரு டேக் அட்டை வருகிறது, க்ரைஃப் வாழ்க்கை தமிழில். எண்ணம் அருமை, ஆனால் அச்சுக்கு முன் விவரம் தெரிந்த ஒருவர் பார்த்திருக்க வேண்டும். "1974 உலகக் கோப்பை சாம்பியன்" என்று போட்டிருக்கிறது. ஜூலை 7, மியூனிக். ஆட்டம் தொடங்கி ஜெர்மானியர் ஒருவரும் பந்தைத் தொடுவதற்கு முன்பே க்ரைஃப் பெனால்டி பெட்டிக்குள் வீழ்த்தப்பட்டார், நீஸ்கென்ஸ் பெனால்டியைப் போட்டார். கடைசியில் மேற்கு ஜெர்மனி 2-1 என்று ஜெயித்தது. அவர் உலகக் கோப்பை வாங்கவே இல்லை. தோற்ற அணியின் சட்டையை ஐம்பது வருடம் கழித்துத் திருப்பூரில் தைக்கிறார்கள் என்பதுதான் அந்த ஆட்டத்தின் பெருமை. அதை அட்டையில் மறைக்க என்ன இருக்கிறது?

அட்டை இன்னொன்றையும் விழுங்கிவிட்டது. 1978-இல் பார்சிலோனாவை விட்டவரை நேராக 1985-இல் பயிற்சியாளர் ஆக்கிவிடுகிறது. நடுவில் அமெரிக்கா, ஸ்பெயினின் லெவாந்தே, மறுபடி அயாக்ஸ். அயாக்ஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதபோது பரம எதிரியான ஃபெயனூர்டுக்குப் போய், 1983-84-இல் 37 வயதை எட்டும் நேரத்தில் லீக், கோப்பை இரண்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். இந்த மனிதர் எப்படிப்பட்ட மேனேஜராக வருவார் என்பதற்கு அந்த ஒரு சீசன் போதும். பாதி சிவப்பு பாதி வெள்ளை ஃபெயனூர்ட் சட்டையையும், 9-ஆம் நம்பர் பார்சிலோனா சட்டையையும் இந்தக் கம்பெனி போட வேண்டும். 1974 பிப்ரவரியில் ரியல் மாட்ரிட்டை அவர்கள் ஊரிலேயே 5-0 என்று அடித்த அணி அது. ஸ்பானிய லீக்கில் அப்போது தொடங்கும் பதினொருவருக்கும் 1 முதல் 11 வரைதான் நம்பர். அங்கே 14 போட்டால் அதுவும் தப்பு.

மூன்றாவது ஜெர்சியின் கோளாறும் நம்பர்தான். 1985-இல் அயாக்ஸின் பொறுப்பை ஏற்றபோது அவரிடம் பயிற்சியாளர் சான்றிதழ் இல்லை, அதனால் தொழில்நுட்ப இயக்குநர் என்று பதவிப் பெயர் கொடுத்தார்கள். 1987-இல் ஏதென்ஸில் வான் பாஸ்டன் அடித்த கோலில் கோப்பை வென்றவர்கள் கோப்பை. 1988-இல் பார்சிலோனா. மூன்று தடுப்பாட்டக்காரர், அகலமாக நிற்கும் விங்கர்கள், பந்து எப்போதும் நம் காலில். 1991 முதல் 1994 வரை நாலு லீக் தொடர்ச்சியாக. நடுவே 1992 மே 20, லண்டன் வெம்ப்ளி மைதானம், ஐரோப்பியக் கோப்பை இறுதி, எதிரே இத்தாலியின் சாம்ப்டோரியா. கூடுதல் நேரத்தில் 112-ஆவது நிமிடம், ஸ்டோய்ச்கோவ் பந்தைத் தட்ட, பக்கேரோ நிறுத்த, ரொனால்ட் கூமன் அடித்த அடி உள்ளே போனது. பார்சிலோனாவின் முதல் ஐரோப்பியக் கோப்பை. அன்றைக்கு அணி ஆடியது ஆரஞ்சில். கோப்பையைத் தூக்கத்தான் நீலச்சிவப்புக்கு மாறினார்கள்.

அந்த ஆரஞ்சுச் சட்டையின் முதுகில் இந்தக் கம்பெனி 14 போட்டு, மேலே க்ரைஃப் என்று பெயரும் அடித்திருக்கிறது. அன்று அவருக்கு 45 வயது, இருந்தது பெஞ்சில். அந்த ராத்திரியை ஒரு நம்பரில் சொல்ல வேண்டுமானால் அது கூமனின் 4. துணியும் பொருந்தவில்லை. 1974-க்கு வாங்கிய அதே காட்டன் இன்டர்லாக்கையே இதற்கும் வெட்டியிருக்கிறார்கள். 1990களின் சட்டை பளபளக்கும் பாலியஸ்டர், 150 ஜி.எஸ்.எம். பாலியஸ்டரில் போட்டிருந்தால் செலவும் குறைந்திருக்கும், இதைப் போட்டுக்கொண்டு ஆடவும் முடிந்திருக்கும்.

காட்டன் ஆனாலும் பரவாயில்லை, செட்டை முழுசாக வேண்டும் என்பவர்கள் கடையில் முதுகு பிரிண்ட் அடிக்காத பீஸ் கேளுங்கள், கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். பக்கத்திலேயே ஹீட் பிரஸ் போடும் கடைகள் உண்டு. பி.யூ. வினைலில் (சூட்டில் துணியோடு ஒட்டும் பிளாஸ்டிக் ஷீட்) 4 வெட்டச் சொல்லி, 150 டிகிரியில் 15 விநாடி அழுத்தி, ஷீட்டை உரித்துவிட்டு, மேலே பட்டர் பேப்பர் வைத்து இன்னொரு 5 விநாடி கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது அழுத்தம் கொடுக்காமல் விட்டால் இன்டர்லாக்கில் ஓரம் சீக்கிரம் தூக்கிக்கொள்ளும். ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக் கூடாது. அயர்ன் பண்ணும்போது உள்பக்கம் திருப்பிப் போட்டுத்தான் தேய்க்க வேண்டும்.