காரைக்குடி ஸ்கேன் சென்டர்: படம் சரி, பதில்தான் இல்லை

சிறுநீரகக் கல்லுக்காகப் போன வாரம் காரைக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன், பெயர் வேண்டாம். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது, அதனால் கிளம்பும்போதே ஆத்தா, "கதிர் பட்டா பிள்ளை பிறக்காதாமே, கேட்டுட்டுப் படுப்பா" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கேட்டேன். டோக்கன் கொடுத்த தம்பி சிரித்தார். உள்ளே இருந்தவர், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார், முடிந்தது விளக்கம். கதவில் 'கர்ப்பிணிகள் முன்பே தெரிவிக்கவும்' என்று பலகை இருக்கிறது, ஆம்பளைக்கு ஒரு வரி கிடையாது.

அவர் சொன்னது சரிதான், அதுதான் கடுப்பே. தேவகோட்டையில் டாக்டராக இருக்கும் சித்தப்பா மகன் போனிலேயே புரியவைத்தார்: அல்ட்ராசவுண்டில் வெறும் ஒலி, எம்ஆர்ஐயில் காந்தமும் ரேடியோ அலையும், இரண்டிலும் எக்ஸ் கதிரே இல்லை. சிடியில் உண்டு, ஆனால் விந்தணு தற்காலிகமாகக் குறையவே விரைக்குச் சுமார் 150 மில்லிகிரே (உடம்பு வாங்குகிற கதிரின் அளவு, ஆயிரம் மில்லிகிரே ஒரு கிரே) பட வேண்டும், ஒரு வயிற்று சிடியில் அங்கே படுவது அதில் சிறு பங்குதான். நிரந்தரப் பாதிப்புக்கு 3.5 கிரேக்கு மேல், அதாவது புற்றுநோய்க்குக் கதிர் வைக்கிற கணக்கு. கதிரைத் தடுக்க விரை மேல் ஈயக் கவசம் போடவில்லையே என்று முகம் சுளித்திருந்தேன், அதை வழக்கமாகப் போட வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமே 2019-ல் சொல்லிவிட்டதாம்.

அரை மணியில் ரிப்போர்ட், படம் தெளிவு, ஐந்துக்கு மூன்று. அப்புறம், மேசையில் விரிக்கிற துணியை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள், எனக்கு முன்னால் படுத்தவரின் விபூதி அப்படியே இருந்தது.