ரஸ்ட்டில் டியூப்பிள்: நான்கு வருடம் புழங்கிய பிறகு

ஆத்தங்குடி கல் செய்கிற பட்டறை ஒன்றுக்கு ஆர்டர், இருப்பு, லாரி லோடு எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்கும் புரோகிராமை ரஸ்ட் என்கிற நிரல்மொழியில் எழுதி, காரைக்குடியிலிருந்தே நான்கு வருடமாகப் பராமரித்து வருகிறேன். டியூப்பிள் என்றால் சில மதிப்புகளைப் பெயரில்லாமல், வரிசையாக ஒரே அடைப்புக்குறிக்குள் கட்டி வைப்பது. அதை அந்தப் புரோகிராமில் எங்கெல்லாம் ஆசையாக வைத்தேன், எங்கிருந்தெல்லாம் பிறகு எடுத்தேன் என்று எழுதினால், புதிதாக ரஸ்ட் படிப்பவர்களுக்கு உதவும்.

முதலில் நல்லது. ஒரு ஃபங்ஷனிலிருந்து இரண்டு மதிப்பு திரும்ப வரவேண்டும் என்றால் சி மொழியில் பாயிண்டர் (நினைவக முகவரி) அனுப்ப வேண்டும், இல்லை அதற்கென்று ஒரு ஸ்ட்ரக்ட் (ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் வைத்த தொகுப்பு) எழுத வேண்டும். இங்கே அடைப்புக்குறிக்குள் இரண்டையும் வைத்து அனுப்பி, வாங்குகிற இடத்திலேயே பிரித்துப் பெயர் வைத்துக்கொள்ளலாம். அதற்காக ஹீப்பில் (புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகப் பகுதி) தனியாக இடமும் பிடிக்காது. 2022 பிப்ரவரியில் வந்த 1.59 பதிப்பிலிருந்து, ஏற்கெனவே இருக்கிற மாறிகளுக்குள்ளும் இப்படிப் பிரித்துப் போடலாம், அது வந்ததும் என் கோடில் நிறைய தற்காலிக மாறிகள் ஒழிந்தன.

எனக்கு ரொம்பப் பிடித்தது வரிசைப்படுத்தல். டியூப்பிள்களை ஒப்பிட்டால் முதல் உறுப்பைப் பார்க்கும், அது சமமாக இருந்தால்தான் அடுத்ததைப் பார்க்கும். ஆர்டர்களை ஊர் வாரியாகவும் ஒவ்வொரு ஊருக்குள் தேதி வாரியாகவும் அடுக்க ஒரே வரி போதும். ஆனால் ஊர்ப் பெயரைக் காப்பி எடுக்காமல் ரெஃபரன்ஸாக (இருக்கும் இடத்தை மட்டும் சுட்டுவதாக) சார்ட்_பை_கீ என்ற வரிசைப்படுத்தும் ஃபங்ஷனில் கொடுத்தால், அந்த ரெஃபரன்ஸ் எவ்வளவு நேரம் செல்லும் என்பதில் கம்பைலர் லைஃப்டைம் பிழை காட்டும். அங்கே சார்ட்_பை எடுத்து, இரண்டு டியூப்பிளையும் நேராக ஒப்பிட்டுவிடுங்கள்.

சரி, அடி வாங்கிய கதை. கல்லின் அளவை மூன்று யு32 (குறை எண் இல்லாத 32 பிட் முழு எண்) உள்ள டியூப்பிளாக, மில்லிமீட்டரில் வைத்திருந்தேன்: நீளம், அகலம், கனம். ஆறு மாதம் கழித்து எழுதிய இன்னொரு ஃபங்ஷனில் கனத்தை முதலில் வைத்துவிட்டேன். மூன்றும் ஒரே டைப், கம்பைலருக்கு எல்லாம் சரிதான், ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. பரப்பு கணக்கிடும் இடம் முதல் இரண்டு உறுப்பைப் பெருக்கியது. 250 பெருக்கல் 250 வரவேண்டிய இடத்தில் 20 பெருக்கல் 250 வந்தது. ஒரு கல்லின் பரப்பு பன்னிரண்டரை மடங்கு குறைந்ததால், 1,000 கல் போதுமான வேலைக்கு 12,500 கல் என்று சீட்டு அச்சானது. நல்லவேளையாக மேஸ்திரி சீட்டைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, ஒரு வளவுக்கு இம்புட்டுக் கல்லா?” என்று போன் செய்தார். அன்று ராத்திரியே உட்கார்ந்து அதை ஸ்ட்ரக்டாக மாற்றினேன்.

எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரங்களில் பெயரெழுத்து வெட்டியிருக்கும். விசேஷ வீட்டில் பத்து வீட்டுச் சாமான் கலந்து கிடந்தாலும் எது யாருடையது என்று தெரிந்துவிடும். ஸ்ட்ரக்டில் ஒவ்வொரு உறுப்புக்கும் அப்படி ஒரு பெயர் இருக்கிறது. டியூப்பிளில் உறுப்பை எண்ணால்தான் கூப்பிட வேண்டும்; புள்ளி 0, புள்ளி 1 என்று எழுதிய வரியை ஒரு வருடம் கழித்துத் திறந்தால் எழுதியவனுக்கே புரியாது.

சி லைப்ரரியோடு பேசும் இடத்துக்கும் டியூப்பிள் ஆகாது. உறுப்புகள் நினைவகத்தில் எந்த வரிசையில் உட்காரும் என்று ரஸ்ட் உறுதி தருவதில்லை. யு8, யு32, யு8 என்று வைத்தால் கம்பைலர் இடம் மாற்றி அடுக்கி 8 பைட்டில் முடித்துவிடுகிறது, அதே வரிசையில் சி ஸ்ட்ரக்ட் பொதுவாக 12 பைட் எடுக்கும். லேபிள் பிரிண்டருக்கு அனுப்புவதை ரெப்ர் சி (சி மொழி அடுக்குகிற மாதிரியே அடுக்கு என்ற குறிப்பு) போட்ட ஸ்ட்ரக்டாகத்தான் வைத்திருக்கிறேன்.

சின்ன விஷயங்கள் இரண்டு. ஒற்றை உறுப்பு டியூப்பிளுக்குக் கடைசியில் கமா வேண்டும், இல்லையென்றால் அது வெறும் அடைப்புக்குறி. 12 உறுப்புக்கு மேல் போனால் டீபக் பிரிண்ட் (பிழை தேட மதிப்பை அச்சிட்டுப் பார்ப்பது), ஒப்பீடு எதுவும் தானாகக் கிடைக்காது, ஆனால் அவ்வளவு நீளமாக யாரும் வைக்கவும் கூடாது.

இப்போது என் கோடில் ஃபங்ஷன் திருப்பித் தரும் ஜோடிகள், ஹேஷ்மேப்பும் (சாவியும் மதிப்பும்) எனுமரேட்டும் (வரிசை எண்ணும் உறுப்பும்) தருகிற ஜோடிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. மூன்று உறுப்புள்ளது ஒன்றே ஒன்று: வருடம், மாதம், நாள். அதே வரிசையில் ஒப்பிட்டாலே தேதி சரியாக அடுக்கிவிடுவதால், அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.