டோக்கியோ 2020: ஒரே ஒலிம்பிக், இரண்டு வீடியோ கேம்கள்

டோக்கியோ ஒலிம்பிக்கை வைத்து சேகா நிறுவனம் வெளியிட்ட வீடியோ கேம்களில் முக்கியமானவை இரண்டு. மாரியோ, சோனிக் என்ற இரு புகழ்பெற்ற கேம் கதாபாத்திரங்களும் சேர்ந்து ஆடும் கேம் 2019 நவம்பரில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவிக்கு மட்டும் வந்தது. ‘அதிகாரபூர்வ வீடியோ கேம்’ என்ற அடைமொழியுடன் வந்த மற்றொன்று ஜப்பானில் 2019 ஜூலையிலும், பிற நாடுகளில் 2021 ஜூனிலும் வெளியாயிற்று. அது பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய கேம் கருவிகளிலும் கணினியிலும் ஓடும் என்பதால், ஸ்விட்ச் இல்லாதவருக்குத் தேர்வு அங்கேயே முடிந்துவிடுகிறது.

அதிகாரபூர்வ கேமில் 18 போட்டிகள் உண்டு. அதன் பலம் எதிராளி இருக்கும் ஆட்டங்களில்தான் இருக்கிறது: கூடைப்பந்து, எழுவர் ரக்பி, மேசைப்பந்து போன்றவற்றில் விதிகளைச் சுருக்கியிருந்தாலும், பந்தை எப்போது கைமாற்றுவது, எங்கே இடைவெளி கிடைக்கும் என்று யோசிக்க வைக்கிறார்கள். ஓட்டப் போட்டிகளில் அந்த யோசனைக்கு இடம் குறைவு. பொத்தானை விடாமல் தட்டுகிற வித்தை 1983இல் கோனாமி வெளியிட்ட ‘ஹைப்பர் ஒலிம்பிக்’ காலத்திலிருந்தே வருவது. நாமே உருவாக்கும் வீரருக்கு விண்வெளி உடை மாட்டி 100 மீட்டர் ஓடவிடலாம் என்பது பலருக்குப் பிடிக்கும். எனக்கோ, நாட்டுக்காக ஓடுகிறோம் என்ற உணர்வை அது கலைத்துவிடுகிறது.

மாரியோ கேமில் நான் பெரிதும் மதிப்பது, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை நினைவுகூரும் 10 இருபரிமாணப் போட்டிகளை. அவற்றில் மாரியோ 8 பிட் உருவிலும் சோனிக் 16 பிட் உருவிலும், அதாவது பழைய கேம்களில் இருந்த புள்ளிப் புள்ளியான தோற்றத்தில், வருகிறார்கள். ஒலிம்பிக்கில் ஜூடோவும் கைப்பந்தும் முதன்முதலாக இடம்பெற்றது 1964இல்தான். அவ்விரண்டும் இந்தப் பத்துக்குள் இருக்கின்றன. டோக்கியோ 2020இல் புதிதாகச் சேர்ந்த கராத்தே, ஸ்கேட்போர்டிங், அலைச்சறுக்கு, சுவரேற்றம் ஆகிய நான்கையும் முப்பரிமாணப் பகுதியில் ஆடலாம். அதிகாரபூர்வ கேமில் இந்த நான்கில் சுவரேற்றம் மட்டுமே உண்டு. ஒரே நகரம் அரை நூற்றாண்டுக்கு மேலான இடைவெளியில் ஒலிம்பிக்குக்குச் சேர்த்தவற்றை ஒரே கேமில் ஆடிப் பார்க்க முடிவது, ‘அதிகாரபூர்வ’ என்ற அடைமொழியைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மாரியோ கேமில், ஸ்விட்சின் சிறு கைக்கருவியான ஜாய்கானைக் கையில் பிடித்து வீசி ஆடும் முறை நாலு பேர் கூடும்போது கலகலப்பைத் தரும். பதக்கமே குறியாக இருப்பவர் பொத்தான்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தனியாக ஆடுபவர், அதிலும் குழு ஆட்டங்களில் மனம் ஊன்றியவர், அதிகாரபூர்வ கேமையே வாங்கலாம். மாரியோ கேமில் கூடைப்பந்தும் இல்லை, பேஸ்பாலும் இல்லை.