கொலுசுக் கடை பில்லிங்: கையால் சோதிப்பதா, தானியங்கிச் சோதனையா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எடை, அன்றைய வெள்ளி விலை, சேதாரம், கூலி, அதன்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. இந்தக் கணக்கைச் சோதிக்க மனிதர் தேவையில்லை. பூஜ்யம் கிராம், 999.999 கிராம், சரியாக 1000 கிராம் என்று எல்லையில் நிற்கும் எண்களைக் கொடுத்து, வரவேண்டிய தொகையையும் எழுதிவைத்தால் போதும்; ஒப்பிட்டுப் பார்ப்பதைக் கணினியே செய்யும். இதுதான் தானியங்கிச் சோதனை. நிரலில் ஒரு வரி மாறினாலும் அத்தனையும் நிமிடத்தில் திரும்ப ஓடும். பைசாவை முழுமையாக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் தப்பு ஒளிந்திருக்கும். பத்தாவது பில்லிலேயே சலித்துவிடும் கண்ணுக்கு அது தெரியாது.

ஆனால் மனிதருக்குப் பதிலாகத் திரையில் பொத்தானை அழுத்திச் சோதிக்கும் ஸ்கிரிப்டுகளை (சிறு நிரல்களை) நம்பாதீர்கள். பொத்தான் கொஞ்சம் நகர்ந்தால் உடைந்துவிடும், அப்புறம் அதைச் சரிசெய்வதே வேலை. திரைக்கு அடியில் உள்ள கணக்கைச் சோதிப்பதே லாபம்.

கையால் சோதிப்பது வேறு ரகம். பாதி பில்லில் கரண்ட் போனால்? வாடிக்கையாளர் ஒரு ஜோடியைத் திருப்பிக் கொடுத்தால்? ரசீதில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாக வந்தால்? இதையெல்லாம் குறும்பாக யோசிக்க ஆள் வேண்டும். கடையில் பில் போடுபவரையே உட்காரவைத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று: ஒரே சோதனைகளையே ஓட்டிக்கொண்டிருந்தால் புதுப் பிழை சிக்காது. இதை மென்பொருள் சோதனை பற்றி நூல் எழுதிய போரிஸ் பைசர், மருந்துக்குப் பழகிய பூச்சிகளோடு ஒப்பிட்டார். சின்னக் குழு என்றால் முதலில் கணக்கைத் தானியங்கியாக்குங்கள்; மிச்ச நேரத்தைக் கைச்சோதனைக்குக் கொடுங்கள்.